உரிமமும் உரிமையும்: கட்டற்ற மென்பொருளின் சமூக அரசியல் – விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருள் பயனருக்கு நான்கு உரிமைகளை வழங்குகிறது. ஓர் உரிமம் எழுத்தில் வழங்கும் உரிமை, வாழ்வில் பயன்படும் உரிமையாக எப்போது மாறுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தமிழ்நாட்டு அரசின் மடிக்கணினித் திட்டம், தமிழ் எழுத்துருக் குறியேற்றத்தின் வரலாறு, விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு ஆகிய மூன்றும் இங்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. மொழி, பயிற்றுநர், கூடுமிடம் என்னும் மூன்றும் அமையாத இடத்தில் உரிமம் வெறும் தாளாகவே எஞ்சுகிறது என்பதும், அவற்றை அமைப்பதில் சிறு நகரங்களின் தன்னார்வக் குழுக்களுக்குத் தனியிடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், திறமூலம், விலையில்லா மடிக்கணினி, பாஸ் லினக்ஸ், ஒருங்குறி, பயனர் குழு, விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டம், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, தமிழ்நாட்டின் பரப்பளவு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிவினைக்கு முந்தைய மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 34.6 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஊரகப் பகுதிகளில் வாழ்ந்தனர். எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடாக இருந்தது. மாநிலச் சராசரியோ 80 விழுக்காடு.

இத்தகைய மாவட்டத்தில் விழுப்புரமும் திண்டிவனமும் கல்வி நகரங்களாக வளர்ந்துள்ளன. இரண்டு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து பயிலும் மாணவர்களுள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர். இவர்களுக்குக் கணினி என்பது வீட்டுப் பொருளாக அன்றி, பள்ளியிலோ கல்லூரியிலோ முதன்முதலில் காணும் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. ஆகவே, எந்த மென்பொருள் முதலில் அவர்கள் கைக்கு வருகிறது, அதனோடு எத்தகைய அறிவு வருகிறது என்பன சமூக அரசியல் சார்ந்த வினாக்களாகின்றன.

சொற்களும் அவை சுட்டும் கொள்கையும்

1983ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் மூல நிரலைக் கற்று மாற்றுதல், படிகளைப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் பிறருக்கு வழங்குதல் என்னும் நான்கு உரிமைகள் அவ்வியக்கத்தின் அடிப்படையாக வகுக்கப்பட்டன. 1989இல் வெளிவந்த பொதுமக்கள் உரிமம் இவ்வுரிமைகளுக்குச் சட்ட வடிவம் தந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் மறு ஆண்டே அவ்வுரிமத்தின்கீழ் வந்தது. 1998இல் ‘திறமூலம்’ என்னும் சொல் முன்வைக்கப்பட்டது. நிரலைத் திறந்து வைப்பதால் மென்பொருளின் தரம் உயரும் என்பது திறமூலத்தார் முதன்மைப்படுத்திய வாதம். பயனரின் தன்னாட்சியே அறம் என்பது கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரின் வாதம். பெரும்பாலும் ஒரே மென்பொருள்களைச் சுட்டினும், இரு சொற்களும் இரு வேறு கேள்விகளிலிருந்து பிறந்தவை.

ஆங்கிலத்தில் ‘விடுதலை’, ‘இலவசம்’ என்னும் இரு பொருள்களையும் ஒரே சொல் தருவதால் அவ்வியக்கம் தன் பெயரை ஓயாது விளக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு அத்தொல்லை இல்லை. ‘கட்டற்ற’ என்னும் சொல், விலையைச் சுட்டாமல் தளையின்மையை மட்டும் சுட்டுகிறது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என அழைத்துக்கொள்வதால் இச்சொல் பரவலாக வேரூன்றியது. எனினும், சொல் தீர்த்து வைத்த குழப்பத்தை வேறொரு வழியில் நடைமுறை மீண்டும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு மாணவர்களுள் மிகப் பலர் லினக்ஸை முதன்முதலில் கண்டது ‘விலையில்லா மடிக்கணினி’யில்தான்.

மடிக்கணினி வந்தது, உரிமை வந்ததா?

அரசு, அரசு உதவிபெறும் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. கொள்முதலைத் தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட் மேற்கொண்டது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களும் நிறுவப்பட்டிருந்தன. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் இடைமுகத்தைக் கொண்டது. எல்காட்டுக்குக் கட்டற்ற மென்பொருள் புதிதன்று. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007ஆம் ஆண்டையொட்டி, அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுற்றதையொட்டி, அரசுத் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி பரிந்துரைக்கவும் பட்டது.

இவ்வாறு, நான்கு உரிமைகளையும் தாங்கிய ஓர் இயங்குதளம் சிற்றூர்களின் வீடுகளுக்குள் நுழைந்தது. ஆயினும் கணினியைத் திறக்கும் மாணவர் முன் இரண்டு பெயர்கள் தோன்றுகையில் அவர் எதைத் தேர்வார்? இணைய மையத்திலும், அச்சுக் கடையிலும், கல்லூரி ஆய்வகத்திலும் காண்பது எதுவோ அதையே தேர்வார். ஒலிப்பெருக்கி இயங்காதபோதும், அச்சுப்பொறி இணையாதபோதும் கேட்பதற்கு அண்டை வீட்டில் ஆளிருக்கும் இயங்குதளத்தையே தேர்வார். இத்தேர்வை அறியாமை என்று கொள்வது பொருந்தாது. தன் சூழலில் கிடைக்கும் உதவியை அளந்து அவர் எடுக்கும் முடிவு அது. பாஸ் லினக்ஸின் உரிமத்தில் குறையொன்றும் இல்லை; அவ்வுரிமத்தைச் சுற்றி மனிதர்கள் இல்லை என்பதே குறை.

கேரளத்தின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 2001இல் தொடங்கப்பட்ட பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், அப்பத்தாண்டிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. கணினியை வழங்குவதோடு அது நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநர்களாக உருவாக்கப்பட்டனர். பாடநூல்களும் தேர்வுகளும் அதே இயங்குதளத்தை ஒட்டி அமைந்தன. மலையாளக் கணிமைக்கான தன்னார்வக் குழு எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்பையும் உருவாக்கித் தந்தது. மென்பொருள், ஆசிரியர், மொழி ஆகிய மூன்றும் ஒருங்கே வந்ததனால் அம்மாற்றம் நிலைத்தது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும் இதற்கான கூறுகள் இல்லாமலில்லை. மேனிலை வகுப்புக் கணினிப் பாடம் முன்னர் ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. 2018க்குப் பின் வந்த நூல்கள் உபுண்டு, ஓப்பன் ஆபீஸ், பைத்தான் ஆகியவற்றைத் தமிழ்வழியிலும் கற்பிக்கின்றன. ஆனால் தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தருவது கருவியை இயக்கும் திறனே. அக்கருவியைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்னும் உணர்வை ஊட்டும் பணி வகுப்பறைக்கு வெளியே எஞ்சி நிற்கிறது.

எழுத்துருவில் விழுந்த கட்டு

மென்பொருளின் தளை எத்தகையது என்பதைச் சிறு நகரத்து மக்கள் உணர்வதற்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு தமிழ் எழுத்துருவே. அச்சுக் கடைகளிலும் அரசு அலுவலகங்களிலும் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள் நெடுங்காலம் வழங்கின. இவை ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி எண்களோடு பொருத்தியிருந்தன. ஆகவே, ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட விண்ணப்பம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. அதனைத் தேடவோ, வரிசைப்படுத்தவோ, பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டவோ எளிதில் இயலாது. எழுதியவர் ஒருவர், எழுத்தைத் திறக்கும் சாவி மற்றொருவரிடம்.

1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் தரங்களை முன்வைத்தது. 2010 சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 நுண்மக் குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றது. பொதுத் தரம் என்பது எவருடைய உடைமையும் அன்று. எவரும் அதனை நம்பிக் கருவி செய்யலாம். 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழ் லினக்ஸ் தன்னார்வலர்கள் கேடிஈ பணிமேடையைத் தமிழாக்கியதும், முத்தையா அண்ணாமலை ‘எழில்’ நிரல்மொழியையும் பிறருடன் இணைந்து ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்தையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டதும், பழைய எழுத்துரு ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பெருகியதும் இவ்வழியில் விளைந்த பயன்களே.

மென்பொருள் பற்றிய அறிவும் தமிழில் கிடைத்தாக வேண்டும். 2012 சனவரியில் த. சீனிவாசன் முதலியோர் முயற்சியால் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், லினக்ஸ், தரவுத்தளம், நிரலாக்கம் முதலியவற்றை எளிய தமிழில் விளக்கிவருகிறது. து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. அவை பகிர்தற்குரிய உரிமத்தில் வெளிவருவதால், ஒரு நூலைப் படியெடுத்து வகுப்பு முழுமைக்கும் வழங்க ஆசிரியருக்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை. திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு ஆங்கில ஆவணம் இரண்டு சுவர்களை எழுப்புகிறது: ஒன்று பொருள், மற்றொன்று மொழி. தமிழ் நூல் அவற்றுள் ஒன்றை முற்றிலும் அகற்றிவிடுகிறது.

பயனர் குழு என்னும் அமைப்பு

நூலிருந்தும் ஐயம் தீர்க்க ஆள் வேண்டும். அதற்கெனத் தோன்றிய அமைப்பே பயனர் குழு. சென்னையில் 1998 முதல் இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடுவதை மரபாகக் கொண்டது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் கல்லூரி மாணவர்களிடையே செயற்பட்டுவருகிறது. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் முக்கோணமாக அமைந்திருப்பதால், மாணவர்களும் கருத்துகளும் இவற்றிடையே எளிதில் பயணிக்கின்றன.

இச்சூழலில் உருவானதே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு. தன்னார்வலர்களால் நடத்தப்படும் இக்குழு, வார இறுதிக் கூடல்கள், கல்லூரி மாணவர்களுக்கான கட்டணமில்லாப் பயிற்சிகள், ஊரகப் பள்ளி மாணவர்களுக்கான கணினி அறிமுகம், செப்டம்பரில் கொண்டாடப்படும் மென்பொருள் விடுதலை நாள் நிகழ்வுகள் ஆகியவற்றை மேற்கொள்கிறது. பெருநகரக் குழுக்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. பெருநகரக் குழுவிற்கு வருவோர் பெரும்பாலும் ஏற்கெனவே துறையில் பணியாற்றுவோர். அவர்கள் தம் அறிவைப் பகிர வருகின்றனர். சிறு நகரக் குழுவிற்கு வருவோரோ துறைக்குள் நுழைய விரும்புவோர். எனவே இங்குக் குழு, கற்பிக்கும் இடமாகவும் வேலைக்கு ஆயத்தப்படுத்தும் இடமாகவும் தன்னம்பிக்கை அளிக்கும் இடமாகவும் ஒருங்கே செயற்பட வேண்டியுள்ளது.

இத்தகைய அமைப்பில் அறிவு செல்லும் முறையும் வேறானது. தனியார் பயிற்சி மையத்தில் கற்றவர் சான்றிதழோடு வெளியேறுகிறார். பயனர் குழுவிலோ நேற்றுக் கற்றவர் இன்று கற்பிக்கிறார். படியெடுத்து வழங்கும் உரிமை மென்பொருளுக்கு மட்டுமன்றி, அதனைப் பற்றிய அறிவுக்கும் பொருந்துவதை இங்குக் காணலாம். அத்துடன், மடிக்கணினித் திட்டத்தில் காணப்பட்ட குறையையும் இது நேரடியாக நிறைவு செய்கிறது: ‘கேட்பதற்கு அண்டையில் ஆள்’ என்னும் தேவை நிறைவேறுகிறது.

சட்டமும் குடிமக்களின் குரலும்

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் கருவிகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை அதன் தனி நிலையில் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் இதனைத் தளர்த்த முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில் அத்தளர்வு இடம்பெறவில்லை. இணையச் சமவாய்ப்பு குறித்த விவாதத்தில், 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தரவுச் சேவைகளில் பாகுபாட்டுக் கட்டணத்தைத் தடை செய்தது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் தரும் ‘ஃபிரீ பேசிக்ஸ்’ திட்டம் அதனால் இந்தியாவில் நின்றது. இங்கும் ‘இலவசம்’, ‘கட்டற்றது’ என்னும் வேறுபாடே வழக்கின் மையமாயிற்று. நடுவண் அரசு 2015இல் திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் கைப்பேசிகளில் நிறுவப்பட்ட ஆரோக்கிய சேது செயலியின் மூல நிரல், தனியுரிமை குறித்த விமரிசனங்களுக்குப் பின் 2020 மே 26 அன்று வெளியிடப்பட்டது. குடிமக்களின் தரவைக் கையாளும் நிரலைக் குடிமக்கள் ஆராயலாம் என்னும் கோட்பாட்டுக்கு அது ஒரு முன்னுதாரணம். ஆராயத் தெரிந்தோர் தலைநகரங்களில் மட்டும் இருப்பின் அக்கோட்பாட்டின் பயன் குறுகிவிடும்.

மறுப்புகளும் வரம்புகளும்

முதல் மறுப்பு வேலைவாய்ப்புப் பற்றியது. நிறுவனங்கள் கேட்பது தனியுரிம மென்பொருள் திறனே என்பர். அலுவலகப் பணிகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் வழங்கிகள், மேகக் கணிமை, இணைய நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகிய துறைகளின் அடித்தளம் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளே. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தின் திருச்சிற்றம்பலத்தில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டதால், இத்துறைகளின் வேலை மாவட்டத்துக்குள்ளேயே வரத் தொடங்கியுள்ளது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. திறமூலம் இன்று பெருநிறுவனங்களின் மூலப்பொருளாகிவிட்டது. ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ் இருப்பதால் கைப்பேசி வைத்திருப்பவர் விடுதலை பெற்றுவிடவில்லை. கிட்ஹப் தளத்தை மைக்ரோசாப்ட் 2018இல் வாங்கியது. ரெட்ஹேட்டை ஐபிஎம் 2019இல் தன்னுடன் இணைத்தது. தன்னார்வலர் எழுதிய நிரல் பெருநிறுவனத்தின் ஆதாயமாவதை உரிமம் தடுப்பதில்லை. ஆகவே, உரிமத்தை மட்டும் போற்றுவது போதாது என்னும் இக்கட்டுரையின் கருத்தையே இம்மறுப்பு வலியுறுத்துகிறது.

மூன்றாவது, பராமரிப்புப் பற்றியது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியில் கள்ளவழி ஒன்று செருகப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. உலகின் எண்ணற்ற கணினிகள் சார்ந்திருந்த அக்கருவியை ஒரு தன்னார்வலரே பேணிவந்தார். சோர்வுற்றிருந்த அவருக்கு உதவுவதுபோல் ஈராண்டுகளுக்கு மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதனைச் செருகினார். தொலைநுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் காரணத்தைத் தேடிச் சென்று உண்மையைக் கண்டறிந்தார். நிரல் திறந்திருந்ததால் அவரால் தேட முடிந்தது. அவர் தேடியதால்தான் திறந்திருந்தமை பயன் தந்தது. பார்ப்போர் இன்றேல் திறந்த கதவும் சுவரே.

நான்காவது, தன்னார்வத்தின் எல்லை. வார இறுதியில் கூடுதல் என்பது ஓய்வுநேரம் உடையோர்க்கே எளிது. பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர்க்கும், மாலைக்குள் ஊர் திரும்பும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவியர்க்கும் அது எளிதன்று. கூடலின் நேரமும் இடமும் யாருக்கு ஏற்ப அமைகின்றன என்பதில் சமத்துவம் பற்றிய முடிவு அடங்கியுள்ளது.

முடிவுரை

சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பின், ஈராண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2011இல் எழுந்த வினா மீண்டும் எழுகிறது. இம்முறை அதற்கு விடையளிக்கும் பட்டறிவு மாவட்டங்களிலேயே உள்ளது.

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று செயல்வழிகள் புலப்படுகின்றன. ஒன்று, கணினி வழங்கும் கல்லூரிகளில் அதன் கட்டற்ற இயங்குதளத்தைக் கற்பிக்கவும் ஐயம் தீர்க்கவும் ஓர் ஆசிரியருக்கேனும் பணிநேரம் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு, அரசு நூலகங்களும் கல்லூரி ஆய்வகங்களும் பயனர் குழுக் கூடல்களுக்குப் பகல் வேளையில் திறந்துவிடப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. மூன்று, தமிழில் நுட்ப நூல் எழுதுதலும் மொழிபெயர்த்தலும் ஆசிரியர், மாணவர் ஆகியோரின் கல்விப் பங்களிப்பாக மதிப்பிடப்பட வேண்டும்.

உரிமம் நீதிமன்றத்தில் செல்லும்; உரிமை பழக்கத்தில்தான் செல்லும். ஒரு மாணவர் தம் கணினி பிழைச்செய்தி காட்டும்போது அதனை மூடிவிடாமல், படித்துப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் கேட்டு, திருத்திக்கொள்ளும் நிலை ஏற்படுமாயின், நான்கு உரிமைகளும் அவருடையவை ஆகின்றன. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் அந்நிலையை உருவாக்குவதே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இன்றைய தலையாய பணி எனலாம்.